வாசகர் கேள்வி – பதில்: 'சாந்தா' பேசிய ஸ்பானிய மொழி

கேள்வி: ஸ்பானிய மொழி கற்கும் என் மகள், மெக்சிக்கோவின் முதற் பேசும் படம் 1932 இல் வெளிவந்த 'சாந்தா' என்கிறாள். அதற்கு முன்னரே ஹொலிவூட்டில் ஸ்பானியப் படங்கள் எடுக்கப்பட்டனவே. பிறகு இந்தப் படத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: தாங்கள் சொல்வது சரியே. ஆங்கிலம் அறியாத ரசிகர்களை இழந்துவிடாதிருக்க, ஹொலிவூட் நிறுவனங்கள் ஒரே கதையைப் பல மொழிகளில் தனித்தனியாகப் படமாக்கின. 'ட்ரகுலா'வை ஆங்கிலக் குழு பகலில் எடுத்துவிட்டுச் சென்ற பின், அதே அரங்குகளில் ஸ்பானியக் குழு இரவில் வேலை செய்தது. அதன் நாயகி லூப்பித்தா தோவார்தான் 'சாந்தா'வுக்கும் நாயகி. ஆனால் இத்தகைய படங்களில் ஸ்பெயின், மெக்சிக்கோ, ஆர்ஜென்டினா உச்சரிப்புகள் ஒரே கதைக்குள் கலந்து ஒலித்ததால், எந்த நாட்டு ரசிகருக்கும் அவை தம் வீட்டுப் பேச்சாகப் படவில்லை.

'சாந்தா'வின் இயக்குநர் அந்தோனியோ மொரேனோ ஸ்பெயினில் பிறந்து ஹொலிவூட்டில் புகழ்பெற்ற நடிகர். ஒளிப்பதிவாளர் அலெக்ஸ் பிலிப்ஸ் கனடாவில் பிறந்தவர். ஆயினும் ஒலிப்பதிவுக் கருவி மெக்சிக்கோக்காரரின் சொந்தக் கண்டுபிடிப்பு என்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன். முந்தைய முயற்சிகளில் ஒலியை இசைத்தட்டில் பதித்துப் படத்தோடு ஓடவிடும் முறையும் இருந்தது. ஊசி ஒரு கோடு தாண்டினாலோ, அறுந்த படச்சுருளை ஒட்டுகையில் சில படச்சட்டங்கள் குறைந்தாலோ, உதடு ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமுமாகிவிடும். லொஸ் ஏஞ்சல்ஸில் வாழ்ந்த ஹொசெலித்தோ, ரொபெர்த்தோ ரொட்ரிகேஸ் சகோதரர்கள், ஒலியை ஒளியின் ஏற்ற இறக்கமாக மாற்றிப் படச்சுருளின் ஓரத்திலேயே பதியும், எடை குறைந்த கருவியொன்றைத் தாமே உருவாக்கினர். 1931 நவம்பரில் படப்பிடிப்பு தொடங்கி, 1932 மார்ச் 30 அன்று மெக்சிக்கோ நகரில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. இலங்கையின் முதற் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொரொந்துவ' 1947 இல் வெளிவந்தபோது, தமிழரான எஸ். எம். நாயகம் அதை மதுரையிலிருந்த தமது ஸ்டூடியோவில் தயாரிக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணினால், அச்சகோதரர்களின் உழைப்பின் அருமை நமக்கு விளங்கும்.

தங்கள் மகளுக்கு ஒன்று சொல்லுங்கள். பெதெரிக்கோ கம்போவா 1903 இல் வெளியிட்ட நாவலே இதன் மூலக்கதை. படைவீரன் ஒருவனால் ஏமாற்றப்பட்டு, வீட்டாரால் துரத்தப்பட்டு, நகரத்து விலைமாதர் விடுதியில் சேரும் கிராமத்துப் பெண்ணை, அங்கு பியானோ வாசிக்கும் கண்பார்வையற்ற ஹிப்போலித்தோ நேசிக்கிறான். இக்கதை 1918 இலேயே மௌனப் படமாக வந்ததுதான். ஆனால் அவளை அவளது குரலால் மட்டுமே அறிந்த அந்த மனிதனின் உலகம், அகுஸ்தின் லாராவின் இசையோடு ஒலி பெற்றது 1932 இல்தான். கார்லோஸ் ஒரெல்யானா அவனாக நடிக்கும் காட்சிகளைத் தங்கள் மகள் கவனமாகக் கேட்கட்டும்.