பர்மிட்டை உங்கள் பெயரில் எடுக்கச் சொல்கிறாரா? கையெழுத்துப் போடாதீர்கள்

மினசோட்டா மாநிலம் டுலூத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: சமையலறைப் பின்கதவை ஒட்டி, பூட்ஸும் கோட்டும் கழற்றி வைக்க ஒரு சின்ன மட்ரூம் கட்ட வேண்டும். தெரிந்தவர் மூலம் வந்த காண்ட்ராக்டர் மற்றவர்களைவிடக் குறைவாகக் கேட்கிறார், குளிருக்கு முன் முடித்துத் தருகிறேன் என்கிறார். ஆனால் பர்மிட்டை, அதாவது கட்டட வேலைக்கு நகரம் தரும் அனுமதியை, மட்டும் நீங்களே எடுத்துவிடுங்கள், சீக்கிரம் கிடைக்கும் என்கிறார். பாதிப் பணம் அட்வான்ஸ். எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். இதே ஊரில் லைசென்ஸ் வைத்து வீடு கட்டிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டருக்குப் பர்மிட் எடுப்பது அன்றாட வேலை, அதை வீட்டுக்காரர் தலையில் கட்ட அவருக்கு ஒரு அவசியமும் இல்லை. அப்படித் தலையில் கட்டுகிறார் என்றால் லைசென்ஸ் இல்லை, அல்லது இருந்தது இப்போது செல்லாது. இந்த இரண்டைத் தவிர வேறு காரணம் நான் பார்த்ததில்லை.

வீட்டு உரிமையாளர் பர்மிட் எடுக்கும்போது ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். கவுண்டரில் நின்றுகொண்டு யாரும் அதைப் படிப்பதில்லை. அதில் இருப்பது இதுதான்: இந்த வேலைக்கு நான்தான் காண்ட்ராக்டர், கட்டட விதி எது மீறப்பட்டாலும் பொறுப்பு என்னுடையது, நான் வேலைக்கு வைக்கிற ஆளுக்கு லைசென்ஸ் இல்லையென்றால் மாநில நிதியிலிருந்து இழப்பீடு கேட்கும் உரிமையை இழக்கிறேன். அந்த நிதி சும்மா வந்ததில்லை. காண்ட்ராக்டர் ரெகவரி ஃபண்ட் என்று பெயர், லைசென்ஸ் எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் எங்களைப் போன்றவர்கள் கட்டுகிற பணம். லைசென்ஸ் உள்ளவர் ஏமாற்றினாலோ பாதியில் ஓடினாலோ வீட்டுக்காரருக்கு அது கைகொடுக்கும், அதற்கும் முதலில் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி வர வேண்டும். பணத்தை இழந்து, கூரையில்லாத அறையோடு நிற்கிறவரை வக்கீலைத் தேடி அலைய விடுகிற இந்த ஏற்பாடு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் லைசென்ஸ் இல்லாதவரை வைத்தால் அந்தக் கதவும் கிடையாது.

சரி, லைசென்ஸ் நம்பரைக் கேளுங்கள். மாநிலத் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. நம்பர் இருப்பது மட்டும் போதாது. அந்த நம்பர் எந்தக் கம்பெனியின் பெயரில் இருக்கிறதோ அதே பெயர்தான் உங்கள் ஒப்பந்தத்திலும், நீங்கள் எழுதும் செக்கிலும் இருக்க வேண்டும். மச்சான் லைசென்ஸ், பழைய முதலாளி லைசென்ஸ் என்று கதை வந்தால் பேச்சை நிறுத்திவிடுங்கள். இந்த ஊருக்கே உரிய இன்னொரு தந்திரம், பாலத்துக்கு அந்தப் பக்கம் சுப்பீரியர் நகரத்திலிருந்து வந்து விஸ்கான்சின் சான்றிதழைக் காட்டுவது. பாலம் தாண்டினால் மாநிலம் வேறு, சட்டம் வேறு, அந்தக் காகிதம் இங்கே செல்லாது. அங்கிருந்து வருகிற நல்ல ஆட்கள் இரண்டு லைசென்ஸும் வைத்திருப்பார்கள்.

அவர் உங்களிடம் சொல்லப்போகும் பதிலையும் சொல்லிவிடுகிறேன்: "நான் தச்சு வேலை மட்டும்தான் செய்கிறேன், எனக்கு லைசென்ஸ் தேவையில்லை." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். மினசோட்டா சட்டம் வீட்டு வேலைகளைச் சில பிரிவுகளாகப் பிரித்திருக்கிறது: மண் தோண்டுவது ஒன்று, கான்கிரீட் ஒன்று, தச்சு ஒன்று, சுவர்ப் பலகை பூச்சு ஒன்று, இப்படி. ஒரே ஒரு பிரிவு வேலையை மட்டும் செய்கிறவருக்கு இந்த லைசென்ஸ் வேண்டாம். கூரை போடுகிறவருக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை, அவர் அதை மட்டுமே செய்தாலும் லைசென்ஸ் வேண்டும். உங்கள் மட்ரூமுக்குக் குழி தோண்ட வேண்டும், கான்கிரீட் ஊற்ற வேண்டும், மரச்சட்டம் நிறுத்த வேண்டும், கூரை, சுவர்ப் பலகை எல்லாம் வேண்டும். மொத்தத்தையும் ஒரே ஆள் ஒப்புக்கொண்டால், அதில் பாதியை அவர் வேறு ஆளிடம் விட்டாலும், அவருக்கு லைசென்ஸ் வேண்டும். குழிக்கு ஒருவர், கான்கிரீட்டுக்கு ஒருவர், தச்சுக்கு ஒருவர் என்று நீங்களே தனித்தனியாகப் பேசி, தனித்தனியாகப் பணம் கொடுத்து நடத்தினால், அப்போது நீங்கள் பர்மிட் எடுப்பது முறையானதுதான், ஏனென்றால் நிஜமாகவே காண்ட்ராக்டர் நீங்கள்தான். அதற்கான நேரமும் தெம்பும் இருந்தால் செய்யுங்கள். மின்சாரம், குழாய் இரண்டும் இதில் சேராது, அவற்றுக்கு லைசென்ஸே தனி.

"குளிருக்கு முன்" என்ற அவசரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடக்கு மினசோட்டாவில் அஸ்திவாரம் 60 அங்குலம், அதாவது 5 அடி ஆழம் போக வேண்டும் என்பது விதி. நிலம் உறைந்து வீங்கும்போது மேலே இருப்பதைத் தூக்கிவிடும், அந்த ஆழத்துக்குக் கீழே போனால்தான் தப்பிக்கும். அவசர ஆள் மூன்றடியில் நிறுத்துவார். பழைய வீடு அசையாது, புது அறை மட்டும் குளிரில் எழும், வசந்தத்தில் இறங்கும், முதலில் கதவு சிக்கும், அப்புறம் இரண்டு கூரையும் சேரும் இடத்தில் விரிசல் விட்டுத் தண்ணீர் இறங்கும். கான்கிரீட் ஊற்றும் முன் நகர இன்ஸ்பெக்டர் வந்து குழிக்குள் டேப்பை விட்டு அளந்து, அடியில் தளர்ந்த மண்ணும் உறைந்த கட்டியும் இல்லையா என்று பார்ப்பது இதற்காகத்தான். (டுலூத் மலைச்சரிவில் பாதி ஆழத்திலேயே பாறை தட்டலாம், அப்போது என்ன செய்வது என்பதை அவரிடமே கேளுங்கள்.) அந்த நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள். உறைந்த மண்மேல் யார் கான்கிரீட் ஊற்ற வந்தாலும் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். அறை ஒரு வருடம் தள்ளிப் போனால் ஒன்றும் குடிமுழுகாது.

"தெரிந்தவர் மூலம்" என்றீர்களே, அந்தத் தெரிந்தவருக்குக் கமிஷன் உண்டா என்று நேராகக் கேளுங்கள். ஆள் பிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறவர்கள் இந்த ஊரில் பெருகிவிட்டார்கள், வேலை கெட்டால் அவர்கள் போனைக்கூட எடுப்பதில்லை. அவர்கள்மேல் புகார் கொடுக்க ஒழுங்கான இடமும் இல்லை. பரீட்சை எழுதி, இன்சூரன்ஸ் கட்டி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வகுப்புக்குப் போய் லைசென்ஸைப் புதுப்பிக்கிறவன் பர்மிட் வரிசையில் காத்திருக்கிறான், இவர்கள் வாட்ஸ்அப்பில் தொழில் நடத்துகிறார்கள்.

பணத்துக்கு வருவோம். பாதி அட்வான்ஸ் அதிகம். குழி சோதனை முடிந்தால் இவ்வளவு, மரச்சட்டம் நின்றால் இவ்வளவு, கடைசி சோதனைக்குப் பிறகு மீதி என்று எழுத்தில் வாங்குங்கள். காண்ட்ராக்டருக்கு நீங்கள் முழுப் பணம் கொடுத்தும், அவர் கான்கிரீட்காரருக்கோ மரக்கடைக்கோ கொடுக்காமல் விட்டால் அவர்கள் தங்களுக்கு வர வேண்டிய பணத்துக்காக உங்கள் வீட்டின்மேல் உரிமைப் பதிவு (லீன்) போடலாம், கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 120 நாள் அவகாசம். முன்னறிவிப்புக் கடிதம் ஒன்று தபாலில் வரும், அதைக் குப்பையில் போடாதீர்கள், கடிதம் அனுப்பியவருக்கு நேரடியாகப் பணம் கொடுத்து காண்ட்ராக்டர் கணக்கில் கழித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒவ்வொரு தவணைக்கும் முன்னால், இனி பாக்கி இல்லை, உரிமை கோரமாட்டோம் என்று அவர்கள் எழுதிக் கையெழுத்திட்ட காகிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் ஏற்கெனவே கொடுத்திருந்தால், பர்மிட் அவர் பெயரில் வரும்வரை ஒரு மண்வெட்டிகூட விழக் கூடாது என்று இன்றே எழுதி அனுப்புங்கள், மெசேஜாக இருந்தாலும் பரவாயில்லை, தேதி தெரியும். மறுத்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தரவில்லையென்றால் அதே தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள்.