ஒரே ஊர், நான்கு முகவரி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நான் பழைய தபால் அட்டைகள் சேகரிக்கிறேன். ஷ்னைடெமியூல் என்ற ஜெர்மன் ஊரிலிருந்து வந்த மூன்று அட்டைகள் கையில் இருக்கின்றன. 1912ஆம் ஆண்டு அட்டையில் 'போசன் மாகாணம்' என்றும், 1927 அட்டையில் 'கிரென்ஸ்மார்க்' என்றும், 1940 அட்டையில் 'பொம்மெர்ன்' என்றும் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. ஒரே பெயரில் மூன்று ஊர்களா?

பதில்: ஒரே ஊர்தான். மூன்று அட்டையையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்திருங்கள், அம்மா. முப்பது வருடம் நில ஆவணப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். எல்லை மாறிய ஊர் என்றால் இன்றும் எனக்கு மனசு அங்கேயே நின்றுவிடும்.

1912இல் ஷ்னைடெமியூல், ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் போசன் மாகாணத்தில், பிரோம்பெர்க் கோட்டத்தில், கோல்மார் மாவட்டத்தில் இருந்தது. அங்கே கோட்டம் என்றால் பல மாவட்டங்கள் சேர்ந்தது. பெர்லினிலிருந்து கிழக்கே போன ரயில் பாதை 1851இல் வந்து சேர்ந்த பிறகு அது பெரிய சந்திப்பாக வளர்ந்தது. 1914இல் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி நகராட்சி மாவட்டமும் ஆகிவிட்டது.

போசனில் பெரும்பான்மையோர் போலிஷ் பேசியவர்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1918 டிசம்பர் 27 அன்று அவர்கள் மாகாணத் தலைநகரான போஸ்னானில் கிளர்ந்தெழுந்தார்கள். ஜெர்மனியோடு செய்த வெர்சாய் சமாதான ஒப்பந்தம் 1920 ஜனவரி 10 அன்று நடைமுறைக்கு வந்தபோது போசனின் பெரும்பகுதியும் பக்கத்து மாகாணமான மேற்கு பிரஷ்யாவின் பெரும்பகுதியும் போலந்துக்குப் போய்விட்டன. ஜெர்மனியிடம் மிஞ்சியவற்றில் மேற்கு ஓரத்துத் துண்டுகளும் இருந்தன.

அந்தத் துண்டுகளை அக்கம்பக்கத்து மாகாணங்களோடு சேர்த்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். பிரஷ்ய அரசு அப்படிச் செய்யவில்லை. 1922இல் அவற்றை ஒன்றாகக் கோத்து 'கிரென்ஸ்மார்க் போசன் - மேற்கு பிரஷ்யா' என்று ஒரு புது மாகாணம் உண்டாக்கியது. கிரென்ஸ்மார்க் என்றால் எல்லைப்புற நாடு. இழந்த இரண்டு மாகாணங்களின் பெயரும் வரைபடத்தில் இருந்தாக வேண்டும், அந்த மண்ணின் மீது உரிமை விட்டுப்போகவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகவே பிறந்த மாகாணம் இது.

என்னிடம் அந்தக் காலத்துப் பள்ளி அட்லஸ் ஒன்று இருக்கிறது. டிரேசிங் தாள் வைத்து இந்த மாகாணத்தை வரைந்து பார்த்தேன். பென்சிலை இரண்டு முறை தூக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் மூன்று துண்டுகளும் ஒன்றையொன்று தொடவில்லை. வடக்கே பெரிய துண்டு: ஷ்லோகாவ், ஃபிளாட்டோவ், டாய்ச் குரோனெ, நெட்செ மாவட்டங்கள், கூடவே ஷ்னைடெமியூல். நடுவில் ஷ்வெரின், மெசெரிட்ஸ், பொம்ஸ்ட். தெற்கே தனியாக ஃபிரௌஸ்டாட். மொத்தம் சுமார் 7,700 சதுர கிலோமீட்டர், சுமார் 3,30,000 மக்கள். பழைய போசன் மட்டுமே ஏறக்குறைய 29,000 சதுர கிலோமீட்டர் இருந்தது.

நெட்செ மாவட்டத்தை நினைத்தால்தான் எனக்கு வருத்தம் அதிகம். கோல்மார், சார்னிக்காவ், ஃபிலேனெ என்ற மூன்று மாவட்டங்களிலும் எல்லைக்கு இந்தப் பக்கம் மிஞ்சியவற்றை ஒட்டி உண்டாக்கியது அது. நேற்றுவரை போய்வந்த மாவட்ட அலுவலகம் இன்று வேறு நாட்டில். அதிலுள்ள பதிவேடு இல்லாமல் இங்கே ஒரு நிலத்தகராறைத் தீர்த்துவைப்பது எப்படி? அந்த எழுத்தர்களின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஷ்னைடெமியூல்தான் தலைநகர். 1920களில் அங்கே எழுப்பிய பெரிய அரசு அலுவலகக் கட்டடம் இன்னும் நிற்கிறது. இப்போது அதில் போலீஸ் பயிற்சிப் பள்ளி நடக்கிறது.

1938 அக்டோபர் 1 அன்று மாகாணத்தையே கலைத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்து மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுத்ததில் வடக்குத் துண்டு பொம்மெர்னுக்கும், நடுத்துண்டின் பெரும்பகுதி பிராண்டன்பர்குக்கும், ஃபிரௌஸ்டாட் சிலேசியாவுக்கும் போயின. உங்கள் 1940 அட்டையில் பொம்மெர்ன் வந்தது இப்படித்தான். அப்போதும் பெயரை விட மனசில்லை. பொம்மெர்னுக்குள் ஒரு கோட்டத்துக்கு அதே நீளப் பெயரைச் சூட்டினார்கள். 1945 பிப்ரவரியில் சோவியத் செஞ்சேனை ஊரைப் பிடித்தபோது பெரும்பகுதி இடிந்து கிடந்தது. ஜெர்மன்காரர்கள் வெளியேறினார்கள், வெளியேற்றவும்பட்டார்கள். போலிஷ் மக்கள் குடியேறினார்கள்.

இன்று அதன் பெயர் பீவா. ஷ்னைடெமியூல் என்றால் மரம் அறுக்கும் ஆலை. போலிஷில் பீவா என்றால் ரம்பம். நாடு மாறியும் ஊர்ப்பெயரில் ரம்பம் மட்டும் அப்படியே இருக்கிறது. 1999 முதல் அந்த ஊர், போஸ்னானைத் தலைநகராகக் கொண்ட மாகாணத்தில் சேர்ந்திருக்கிறது. போசன் என்று உங்கள் முதல் அட்டையில் இருக்கிறதே, அது இந்தப் போஸ்னான்தான்.

கேள்வி: ஜெர்மன் மாகாண நிர்வாகத்தில் யாருக்கு மேல் யார்?

பதில்: பிரஷ்யாவில் மாகாணத்துக்கு ஓபர்பிரெசிடென்ட், கோட்டத்துக்கு ரெகியரூங்ஸ்பிரெசிடென்ட், மாவட்டத்துக்கு லாண்ட்ராட். 1872இல் வந்த மாவட்டச் சட்டம் உள்ளூர்ச் சபைகளுக்கு ஓரளவு அதிகாரம் கொடுத்தது. ஆனால் போசனுக்கு அதை நீட்டிக்கவில்லை. போலிஷ் நிலக்கிழார்கள் கையில் அதிகாரம் போய்விடுமோ என்ற பயம். அங்கே மாவட்டத்துக்குக் கீழேயும் அரசு நியமித்த ஆணையர்களே ஆண்டார்கள். தன் மக்களை நம்பாத நிர்வாகம் அது. 1918இல் அந்த மக்கள் எழுந்ததில் எனக்கு வியப்பில்லை.

கேள்வி: என் மருமகள் ஜெர்மன்காரி. அவளுடைய கொள்ளுத்தாத்தா 1908இல் மெசெரிட்ஸ் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பிறப்புப் பதிவு கிடைக்குமா?

பதில்: முயன்று பாருங்கள், ஐயா. 1874 அக்டோபர் முதல் பிரஷ்யாவில் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதிவு செய்தது. அந்த அலுவலகத்துக்கு ஸ்டாண்டெஸாம்ட் என்று பெயர். மெசெரிட்ஸ் இப்போது போலந்தில் இருக்கிறது. அங்கே நூறு வருடம் கடந்த பிறப்புப் பதிவேடுகள் அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும். கிழக்குப் பகுதிப் பதிவேடுகள் சில பெர்லின் முதலாம் ஸ்டாண்டெஸாம்டிலும் இருக்கின்றன. இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

தேடும்போது 'கிரென்ஸ்மார்க்' என்று தேடாதீர்கள். 1908இல் அப்படி ஒரு மாகாணமே இல்லை. போசன் மாகாணம், போசன் கோட்டம், மெசெரிட்ஸ் மாவட்டம் என்று தேட வேண்டும். கிராமம் எந்த ஸ்டாண்டெஸாம்டில் சேர்ந்தது என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். 1912இல் வெளிவரத் தொடங்கிய மேயர்ஸ் ஊர் அகராதியில் ஒவ்வொரு ஊருக்கும் அது குறித்திருக்கிறது. கிராமத்தின் பெயரை, உங்கள் வீட்டுத் தாளில் இருக்கிற அதே ஜெர்மன் எழுத்தில், புள்ளி மாறாமல் நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்.