ஒர்க்‌ஷாப் வாசலில்: கன்வர்ட்டரை வெட்டினால் வண்டி இழுக்குமா?

கேள்வி: ஐயா, வணக்கம். என்னிடம் 2008ஆம் வருடத்து பெட்ரோல் கார் இருக்கிறது. 1,28,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஊருக்குள் ஓட்ட ஒரு குறையும் இல்லை. போன மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பினோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் வண்டி திணற ஆரம்பித்துவிட்டது. டம் டம் பாறை வரைக்கும் இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு போனோம். ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தாலும் சத்தம்தான் கூடுகிறதே தவிர வேகம் கூடவில்லை. இங்கே ஒரு மெக்கானிக், “எக்ஸாஸ்ட் பைப்பில் புகையைச் சுத்தம் பண்ணுகிற கன்வர்ட்டர் டப்பா அடைத்துக்கொண்டது. புதுசு போட்டால் கட்டுப்படியாகாது. அதை வெட்டி எடுத்துவிட்டு நேர் பைப் வைத்து வெல்டிங் பண்ணித் தருகிறேன், 3,500 ரூபாய். மைலேஜும் கூடும்” என்கிறார். செய்யலாமா? அப்புறம் புகைச் சான்றிதழ் கிடைக்குமா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, இந்த வேலையை நானே செய்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் உங்களுக்கு புத்தி சொல்வது நியாயமில்லை.

2003 என்று ஞாபகம். ஒருவர் சென்னையில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் காரை மதுரைக்குக் கொண்டுவந்திருந்தார். இதே புகார்தான், இழுவை இல்லை. நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் புது பெட்ரோல் கார்களுக்கு கன்வர்ட்டர் கட்டாயமானது. ஆனால் ஈயம் கலக்காத பெட்ரோல் நாடு முழுக்க வந்து சேர்ந்தது 2000 பிப்ரவரியில்தான். இடையில் இந்த வண்டிகளுக்கு யாராவது ஈயப் பெட்ரோலை ஊற்றினால், உள்ளே இருக்கிற பூச்சு செத்துப்போகும். அப்படிச் செத்துப்போன டப்பாக்களைத்தான் நாங்கள் முதலில் பார்த்தோம். அதனால் எங்கள் வயசு மெக்கானிக்குகளுக்கு கன்வர்ட்டர் என்றாலே வேண்டாத சுமை என்று மனசில் பதிந்துவிட்டது.

டப்பாவைக் கழற்றி, நீளமான உளியை உள்ளே விட்டு சுத்தியலால் அடித்தேன். தேன்கூடு மாதிரி பொடிப்பொடித் துளைகளோடு இருக்கும் பீங்கான், சாம்பல் நிறத்தில் நொறுங்கிக் கொட்டியது. அந்தத் தூசியில் இரண்டு நாள் இருமினேன். காலி டப்பாவைத் திருப்பி மாட்டினேன். வண்டி பறந்தது. அவர், நான் கேட்ட காசுக்கு மேலே கொடுத்து, அரைக்கிலோ அல்வாவும் வாங்கித் தந்தார்.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். ஏ.சி. போட்டு கண்ணாடியை ஏற்றிவிட்டு தூரம் போனால் அவர் மனைவிக்குத் தலைவலி, வாந்தி. காரைத் தூக்கிப் பார்த்தேன். பைப் இணைப்பில் புகை கசியாமல் இருக்க நடுவில் வைக்கிற கேஸ்கட்டில், நான் பழையதையே திருப்பிப் போட்டிருந்தேன். அந்த இடத்தில் கறுப்பாகப் புகை கசிந்த தடம். கியர் லீவர் அடியில் இருக்கும் ரப்பர் கிழிந்திருந்தது, அது வழியாகக் காருக்குள் ஏறியிருக்கிறது. புகையில் இருக்கும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒட்டிக்கொள்வதைப்போல 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். கன்வர்ட்டர் வேலை செய்திருந்தால் அதில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாக மாறியிருக்கும். கேஸ்கட்டை மாற்றிக் கொடுத்துவிட்டேன். நொறுக்கிய பீங்கானை என்ன செய்வது? அந்த அம்மா அதற்கப்புறம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன். “சத்தம்தான் கூடுகிறதே தவிர வேகம் கூடவில்லை.” எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள் மேலே ஏறுகிறதா, ஏறவில்லையா? இதை முதலில் பாருங்கள். முள் சரசரவென்று ஏறி, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் அது கன்வர்ட்டரே இல்லை, கிளட்ச் வழுக்குகிறது. 1,28,000 ஓடிய வண்டிக்கு கிளட்ச் தேய்ந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, முன்னால் ஆள் இல்லாத சமதளத்தில், மூன்றாவது கியர் போட்டு கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் பொட்டென்று நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட்டுக்குச் செலவு பண்ணுங்கள். கன்வர்ட்டரைத் தொடவே வேண்டாம்.

முள்ளே ஏறாமல் 2,500, 3,000 பக்கம் முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால், அப்போது சந்தேகப்படலாம். ஃபியூயல் ஃபில்டரும் பெட்ரோல் பம்ப்பும்கூட இதே தொல்லையைக் கொடுக்கும் என்பதால், அடைப்பு இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட வேண்டும். எக்ஸாஸ்ட்டில் கன்வர்ட்டருக்கு முன்னால் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்ட வேண்டும். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, ஒன்று, ஒன்றரை பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும். 2,500 ஆர்.பி.எம்.மில் மூன்றைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அடைப்பு நிச்சயம். பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமலே வெட்டலாம் என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ரப்பர் சுத்தியலால் டப்பாவைத் தட்டும்போது கலகலவென்று சத்தம் வந்தால், உள்ளே பீங்கான் உடைந்துவிட்டது என்று அர்த்தம்.

அடைத்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஏன் அடைத்தது? நல்ல கன்வர்ட்டர் சும்மா அடைக்காது. ஒரு பிளக்கோ காயிலோ சரியாக வேலை செய்யவில்லை என்றால், எரியாத பெட்ரோல் அப்படியே கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அந்தச் சூட்டில் பீங்கான் உருகித் துளைகள் மூடிக்கொள்ளும். எஞ்சின் ஆயில் குடிக்கிறது என்றால் ஆயில் சாம்பல் படிந்து அடைக்கும். ஆயில் ஸ்டிக்கை மாதத்துக்கு ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறீர்களா? லெவல் இறங்குகிறதா? காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சின் உதறுகிறதா? கன்வர்ட்டரைக் கொன்றது எது என்று தெரியாமல் அதை மட்டும் எடுத்துவிட்டால், கொன்றது உள்ளேயே இருக்கும். நேர் பைப் போட்டாலும் பெட்ரோல் எரியாமல் போகிற அந்த மிஸ்ஃபயர் போகாது. புதுசு போட்டால் அதுவும் ஒரு வருஷத்தில் போய்விடும்.

மைலேஜ் விஷயத்தில் உங்கள் மெக்கானிக் சொல்வது பாதி உண்மை. அடைத்த டப்பாவை எடுத்தால் மைலேஜ் திரும்பி வரும். நல்ல நிலையில் இருக்கும் டப்பாவை எடுத்தால் ஓட்டுகிறவருக்குத் தெரிகிற அளவுக்கு எதுவும் கூடாது. சில சமயம் குறையவும் செய்யும். கழற்றி மாட்டும்போது சென்சாருக்கு முன்னால் இருக்கிற கேஸ்கட் ஒழுங்காக உட்காரவில்லை என்றால், அந்தச் சந்தில் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அதைப் பார்த்து பெட்ரோல் போதவில்லை என்று நினைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் ஊற்றும். கண்ணுக்குத் தெரியாத சந்துதான், பெட்ரோல் பங்க் பில்லில் தெரியும்.

புகைச் சான்றிதழ். உங்கள் வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத பெட்ரோல், 750 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 750 பங்குக்குள்) இருக்க வேண்டும். எஞ்சின் நல்ல ஃபார்மில் இருந்தால் கன்வர்ட்டர் இல்லாமலும் சில வண்டிகள் தப்பித்துவிடும், அதை மறைக்க மாட்டேன். உங்களுடைய மாதிரி வயசான வண்டி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தப்பித்துக்கொண்டே இருக்குமா என்பதுதான் கேள்வி. கன்வர்ட்டரை எடுப்பது சட்டப்படி தப்புதான். காற்று மாசு விதிகளை மீறி வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2019 திருத்தத்தில் வந்த தொகை இது. லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போய்விடும்.

உண்மையிலேயே செத்துப்போயிருந்தால் மாற்று கன்வர்ட்டர் கிடைக்கும். எஞ்சின் சி.சி.யும் எந்த பாரத் ஸ்டேஜ் (புகை அளவு விதி) வண்டி என்பதும் சொல்லிக் கேளுங்கள். வாங்கும்போது டப்பாவின் ஒரு வாயை வெளிச்சத்தில் காட்டி மறு வாயில் பாருங்கள். நேராகத் தெரிகிற மாடலில் நுண்ணிய சல்லடை மாதிரி தெரிய வேண்டும். வெறும் குழாயாகத் தெரிந்தால் அது சைலன்சர் துண்டு.

இன்னொன்று. வெட்டுவதற்கு 3,500 கேட்டாரே, வெட்டிய டப்பா யாருக்கு என்று கேட்டீர்களா? அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறது. பழைய இரும்புக் கடைக்காரர்கள் கம்பெனி கன்வர்ட்டரைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். எது எப்படி ஆனாலும் டப்பாவை உங்கள் டிக்கியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கேள்வி: 2012 டீசல் கார். புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வு வருஷத்துக்கு ஒரு முறை கரி பிடிக்கிறது. நண்பர்கள் எல்லாரும் தகடு வைத்து அடைத்துவிடச் சொல்கிறார்கள். புகை டெஸ்ட்டில் கண்டுபிடிக்க முடியாதாமே?
— வாசகர், தேனி

பதில்: உங்கள் நண்பர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான். டீசல் வண்டிக்கு புகையின் அடர்த்தியை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஈ.ஜி.ஆர். குறைப்பது நைட்ரஜன் ஆக்சைடை. எரிந்து முடிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டால் சிலிண்டருக்குள் ஆக்ஸிஜன் குறைந்து உச்சச் சூடு குறையும், அந்த வாயு அதிகம் உருவாகாது. அதை அந்த மெஷின் அளப்பதில்லை. அடைத்தால் கரும்புகை குறையக்கூட வாய்ப்பு உண்டு.

ஆனால் வண்டியிலேயே ஒரு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்கிறார். வால்வைத் திறந்தால் உள்ளே வரும் புதுக்காற்று குறைய வேண்டும் என்று கம்ப்யூட்டர் எதிர்பார்க்கும். குறையவில்லை என்றால் செக் எஞ்சின் லைட் எரியும், சில வண்டிகள் பவரையும் குறைத்துவிடும். அதற்கு ஒரு சாஃப்ட்வேர் மாற்றம், அதற்கு ஒரு செலவு. தகட்டில் சின்னத் துளை போட்டால் லைட் எரியாது என்று ஒரு கைவைத்தியம் உண்டு. பெயர் என்னவோ அடைப்புதான்.

வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிச் சுத்தம் பண்ணுவதில் என்ன கஷ்டம்? கார்பன் கிளீனர் அடித்து ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்க்கச் சொல்லுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் வால்வு உட்காரும் இடம் கீறிவிடும். புது கேஸ்கட் போடச் சொல்லுங்கள், என் அனுபவத்தில்தான் பார்த்தீர்களே. தினமும் மூன்று கிலோமீட்டர் கடைக்குப் போய்விட்டு வருகிற வண்டி என்றால், வாரத்துக்கு ஒரு நாள் பைபாஸில் அரை மணி நேரம் 2,500 ஆர்.பி.எம்.முக்குக் குறையாமல் ஓட்டுங்கள். கரி பிடிப்பது குறையும்.

கேள்வி: அப்பா வைத்திருந்த 1994 கார்புரேட்டர் காரைச் சரி செய்கிறேன். இதற்கும் கன்வர்ட்டர் போட வேண்டுமா? எஞ்சின் மேலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸை யாரோ கழற்றிக் கீழே தொங்கவிட்டிருக்கிறார்கள். அப்படியே விடலாமா?
— வாசகர், விருதுநகர்

பதில்: கன்வர்ட்டர் வேண்டாம். கம்பெனியில் வரும்போதே இல்லாத வண்டி. உங்களுக்கு எல்லை கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். கார்புரேட்டரை ஒழுங்காக டியூன் பண்ணினாலே உள்ளே வந்துவிடும்.

தொங்குகிற ஹோஸ் எஞ்சினுக்குள் சேரும் ஆயில் ஆவியை ஏர் ஃபில்டருக்கு அனுப்பி எரிக்கிற ஹோஸ். தொங்கவிட்டால் போர்ட்டிகோவில் ஆயில் சொட்டும், சிக்னலில் நின்றால் வாடை உள்ளே வரும். அடைத்துவிட்டால் இன்னும் மோசம், அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியாகப் பிதுங்கும். விறைத்துப்போயிருந்தால் புது ஹோஸும் இரண்டு கிளிப்பும் வாங்கி மாட்டிவிடுங்கள். பெட்ரோல், ஆயில் தாங்குகிற ஹோஸ் என்று சொல்லி வாங்குங்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பைப்பை வெட்டி மாட்டிவிடாதீர்கள். அதையும் பார்த்திருக்கிறேன்.