கேமரா கேள்வி-பதில்: குழித்தறிக்கு 35-ஆ, 40-ஆ?

கேள்வி: என்னிடம் லைக்கா எம்6 கேமரா உள்ளது. சென்னிமலைப் பகுதியில் கைத்தறி நெசவாளர்களின் வீடுகளுக்குள் 400 ஐஎஸ்ஓ கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் படம் எடுத்து வருகிறேன். என் எஃப்/2.8 லென்ஸுக்கு அங்குள்ள வெளிச்சம் போதவில்லை. ஃபோக்ட்லேண்டர் நோக்டன் கிளாசிக் வரிசையில் 35 மி.மீ. எஃப்/1.4, 40 மி.மீ. எஃப்/1.4 ஆகிய இரண்டில் எதை வாங்கலாம்? ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தைக்கும் அதையே எடுத்துச் செல்ல எண்ணியுள்ளேன்.
- வாசகர், சென்னிமலை

பதில்: 35-ஐ வாங்குங்கள். வெளிச்சத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துளை அகலம், வெளிச்சம் கூடுதல்), எஃப்/2.8-இல் 1/15 நொடி கேட்ட இடத்தில் இரண்டுமே 1/60 நொடி தரும். வேறுபாடு உங்கள் கேமராவின் வியூஃபைண்டரில் இருக்கிறது. எம்6-இல் 28, 35, 50, 75, 90, 135 மி.மீ. லென்ஸ்களுக்கே சட்டக்கோடுகள், அதாவது படத்துக்குள் எவ்வளவு விழும் என்று காட்டும் கோடுகள், உண்டு. 40-ஐப் பொருத்தினால் 50-க்குரிய கோடுகள் தோன்றும். படத்திலோ அகலவாக்கில் கால் பங்குக்குக் குறையாமல் கூடுதலாகப் பதிவாகும். வாசலில் வேடிக்கை பார்க்கும் பையனின் பாதி முகம் படத்துக்குள் வந்துவிட்டது என்பது சுருளைக் கழுவிய பிறகுதான் தெரியும். லென்ஸின் பின்விளிம்பை அரத்தால் தேய்த்து 35-இன் கோடுகளை வரவழைத்துக்கொள்பவர்களும் உள்ளனர். புது லென்ஸில் அரம் வைக்க எனக்கு மனம் வராது. 40-க்கென்றே கோடு கொண்ட பெஸ்ஸா ஆர்3ஏ கேமரா உங்களிடம் இருந்திருந்தால் என் விடை மாறியிருக்கும்.

இடமும் ஒரு காரணம். குழித்தறி (நெசவாளர் கால் வைக்கத் தரையில் குழி வெட்டி அமைத்த தறி) போட்ட அறையில் சுவரோடு சாய்ந்து நின்றாலும் தறிக்கும் உங்களுக்கும் இடையே இரண்டு மீட்டர் கிடைப்பது அரிது. அந்தத் தொலைவில் 35 ஏறத்தாழ 2.05 மீட்டர் அகலத்தையும், 40 ஏறத்தாழ 1.8 மீட்டர் அகலத்தையும் காட்டும். நெசவாளரின் முகத்தோடு நாடா ஓடும் பலகையும் முழுதாக விழுமா, அறுபடுமா என்பதை இந்த ஒரு சாண் வித்தியாசமே முடிவுசெய்யும்.

ஆனால் 35-க்கு ஒரு குறை உண்டு. தறியைப் படமெடுப்பவருக்கு அது சிறு குறையன்று. நேர்க்கோடுகள் ஓரங்களில் வெளிப்புறமாகப் பீப்பாய்போல் வளையும்; 40-இல் இது குறைவு. தறிமரமும் பாவு நூலும் நேர்க்கோடுகளே என்பதால், அவற்றைச் சட்டத்தின் விளிம்பை ஒட்டி வைக்காதீர்கள். மேலும், இந்த லென்ஸின் முதல் பதிப்பில் எஃப்/1.4-இலிருந்து எஃப்/2, எஃப்/2.8 எனத் துளையைச் சுருக்கும்போது கூர்மை விழும் இடம் சற்றுப் பின்னால் நகரும். கண்ணில் ஃபோகஸ் செய்தால் காது தெளிவாக வரலாம். இரண்டாம் பதிப்பில் இக்குறை குறைக்கப்பட்டிருப்பதால், பழைய லென்ஸ் மலிவாகக் கிடைத்தாலும் புதியதையே தேடுங்கள். எஃப்/1.4-இல் ஒரு மீட்டர் தொலைவில் தெளிவாக விழும் ஆழமே 7 செ.மீ. அளவுதான், ஆகவே, நெசவாளர் முன்னும் பின்னும் அசையும் தாளத்தைச் சிறிது நேரம் கவனித்துவிட்டு, அவர் பின்வாங்கி நிற்கும் கணத்தில் ஷட்டரை அழுத்துங்கள்.

அந்தியூரில் எதுவானாலும் சரி. எம்6-இன் உச்ச வேகம் 1/1000 நொடி. 400 சுருளோடு பகல் வெயிலில் எஃப்/11-ஐ ஒட்டியே எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், அகலத் துளைக்கு அங்கே வேலை இல்லை.

எதிர்வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறுவதைக் குறைக்கக் கண்ணாடியில் இடும் பூச்சு, ஒற்றைப் பூச்சு, பல்பூச்சு என இரு வகைகளில் கிடைத்தால் பல்பூச்சையே எடுங்கள். தறிக்கூடத்தில் சன்னலோ ட்யூப் லைட்டோ எப்படியும் படத்துக்குள் வந்துவிடும்.