பித்தளைக் குழாயில் எல்.பி.யை வைக்காதீர்கள்

கேள்வி: அப்பா காலமாகி ஒரு வருடம் ஆகிறது. அவர் சேர்த்த இசைத்தட்டுகள் நூற்றுச் சொச்சம் வீட்டில் இருக்கின்றன. பெரும்பாலும் எல்.பி. (ஒரு பக்கம் இருபது நிமிடம் போல ஓடும் பிளாஸ்டிக் தட்டு); அடியில் கனமான பழைய தட்டுகள் ஒரு பதினைந்து. அவருடைய ஆம்பிளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கர்களும் நன்றாக வேலை செய்கின்றன, பிளேயர்தான் இல்லை. இணையத்தில் சூட்கேஸ் மாதிரி ஒரு பிளேயர் 6,000 ரூபாய்க்குப் பார்த்தேன். தெரிந்த புரோக்கர் ஒருவர் பித்தளைக் குழாய் வைத்த கிராமபோனை 18,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். எல்லாத் தட்டும் அதில் ஓடுமாம். நாற்பது எல்.பி. கொடுத்தால் 5,000 குறைத்துக்கொள்வாராம். 1,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். 20,000 வரை என்னால் செலவு செய்ய முடியும். எதை வாங்குவது?
- வாசகர், திருச்சி

பதில்: முதலில் அந்த புரோக்கருக்கு ஒரு போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

முப்பது வருடமாக ஆம்பிளிஃபையரும் ரெக்கார்டு பிளேயரும் பழுது பார்க்கிறவன் நான். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தட்டு பாழான பிறகுதான் வருகிறார்கள். நீங்கள் முன்னாலேயே கேட்டீர்கள், நல்லதாயிற்று. மட்டமான செல்போன் பாட்டை மட்டமாகப் பாடும், அதோடு சரி. மட்டமான ரெக்கார்டு பிளேயர் தட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். அதற்கப்புறம் எத்தனை லட்ச ரூபாய் பிளேயரில் போட்டாலும் அந்த இரைச்சல் போகாது.

எல்.பி.யின் ஒரு பக்கத்தில் இருப்பது சுருண்டு சுருண்டு உள்ளே போகிற ஒரே ஒரு தடம். பிரித்து நீட்டினால் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் வரும். இருபது நிமிடப் பாட்டில் முள் அந்தத் தூரம் முழுக்க உரசிக்கொண்டே போகிறது. என்ன எடையில் உரசுகிறது? பிளேயர் வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். புளூடூத் இருக்கிறதா, மரப்பெட்டியா, எத்தனை வாட் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது புதிதாக வரும் ஒரு ரூபாய் நாணயம் சுமார் 3 கிராம். நல்ல பிளேயரின் முள் 2 கிராமை ஒட்டிய எடையில் தட்டின் மேல் உட்காரும். அதாவது அந்த நாணயத்தைவிடக் குறைவு. சூட்கேஸ் பிளேயர்களில் வருவது மலிவான செராமிக் கார்ட்ரிட்ஜ் (முள்ளைப் பிடித்து, அதன் அதிர்வை மின்சாரமாக்கும் சின்னப் பாகம்). அதற்கு 5, 6 கிராம் அழுத்தம் வேண்டும். அதாவது இரண்டு நாணயம். உங்கள் புரோக்கரின் பித்தளைக் குழாய் கிராமபோனில்? நூறு கிராமுக்கு மேல். அதுவும் இரும்பு ஊசி.

ஏன் அவ்வளவு எடை என்றால், அந்தக் கருவியில் மின்சாரமே கிடையாது. சாவி கொடுத்தால் ஸ்பிரிங் சுற்றும். ஊசியின் அதிர்வு ஒரு சின்ன வட்டத் தகட்டைத் தட்டும், அந்தச் சத்தத்தைக் குழாய் பெருக்கிக் காட்டும். கூடம் முழுக்கக் கேட்கிற சத்தம் மொத்தமும் தட்டைச் சுரண்டித்தான் வருகிறது. அந்தக் காலத்துத் தட்டு அரக்கோடு கல்பொடி கலந்து செய்தது, அதனால் தாங்கியது. ஊசிதான் தேய்ந்தது. ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட வேண்டும். பழைய வீடுகளில் சின்னச் சின்னத் தகர டப்பாவில் ஊசிகள் கிடக்குமே, அது இதற்காகத்தான். எல்.பி. பிளாஸ்டிக். அதன் மேல் இந்த ஊசியை இறக்கினால் ஒரே தடவையில் தடம் உழப்பட்டுவிடும். போதாததற்கு அந்தக் கருவியின் வேகம் நிமிடத்துக்கு 78 சுற்றை ஒட்டியது, எல்.பி. 33⅓. பாடகர் கீச்சுக் குரலில் ஓட்டமாக ஓடிக்கொண்டே பாடுவார். 'எல்லாத் தட்டும் ஓடும்' என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறார் மனிதர்.

அது உண்மையிலேயே பழைய கிராமபோன்தானா என்பதும் சந்தேகம். புதுப் பெட்டி, புதுப் பித்தளைக் குழாய், எங்கிருந்தோ கழற்றிய மோட்டார், முன்னால் நாய் படம் போட்ட தகடு: இப்படி இங்கேயே சேர்த்துக்கட்டி, ஷூ பாலிஷ் மாதிரி எதையோ தேய்த்துக் கறுப்பாக்கி விற்கிறார்கள். பெட்டிக்குள் எட்டிப் பாருங்கள். வெளியே நூறு வயது, உள்ளே பிளஸ் தலை வைத்த பளபள ஸ்க்ரூ. வரவேற்பறை அலங்காரத்துக்கு வாங்குகிறவர்கள் வாங்கட்டும், பாட்டுக் கேட்க அது ஆகாது.

அந்த நாற்பது எல்.பி. கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களா? தட்டு ஒன்றுக்கு 125 ரூபாய். எந்த நாற்பது என்று பொறுக்கப் போவதும் அவர்தான். நல்ல நிலையில் உள்ள எண்பதுகளின் இளையராஜா எல்.பி.கள் சில, சேகரிப்பவர்களிடம் ஒன்றே ஆயிரக்கணக்கில் போகும். அவர் உங்கள் வீட்டுக்கு வந்தது கிராமபோன் விற்க என்றா நினைக்கிறீர்கள்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தட்டைக்கூடக் கையில் கொடுக்காதீர்கள், 'கேட்டுட்டுத் தரேன்' என்றாலும்.

சரி, சூட்கேஸ். அதில் ஒரு தடவை போட்டதும் தட்டு செத்துவிடாது; அப்படிப் பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் தேய்மானம் வேகமாக நடக்கும், 'ச', 'ஸ்' வரும் இடங்கள் முதலில் கரகரக்கும். முள்ளைத் தாங்கும் கை லேசான பிளாஸ்டிக் என்பதால் சற்றே நெளிந்த தட்டில் முள் குதிக்கும். ஸ்பீக்கர் அதே பெட்டிக்குள் இருப்பதால் அதன் அதிர்வு முள்ளுக்கே திரும்பி வரும். தவிர, அப்பாவின் ஆம்பிளிஃபையரும் ஸ்பீக்கரும் இருக்கும்போது அந்தத் தீப்பெட்டி ஸ்பீக்கர் உங்களுக்கு எதற்கு?

முள் எடை எத்தனை கிராம் என்று விற்பனைப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். சூட்கேஸ் வகைகள் பலவற்றில் இருக்காது. நிறம் ஏழு வகை, யூ.எஸ்.பி., எஃப்.எம்., 'விண்டேஜ் லுக்' எல்லாம் இருக்கும். பிஸ்கட் பாக்கெட்டில்கூட எத்தனை கிராம் என்று அச்சடிக்கிறார்கள், இதில் கேட்பாரில்லை. 'டர்ன்டேபிள்' என்று தேடினால் கேக்குக்கு க்ரீம் தடவுகிற சுழல் தட்டு வந்து நிற்கிறது. ஷோரூம் பையனிடம் கேட்டால், 'வெயிட் லைட்டாதான் சார் இருக்கும், அஞ்சு கிலோ' என்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முள் எடையைக் குறிப்பிடாத பிளேயரை விட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

உங்கள் தொகைக்கு நான் சொல்வது ஆடியோ-டெக்னிகாவின் ஏ.டி.-எல்.பி.60எக்ஸ், அல்லது அதே தரத்தில் காந்தக் கார்ட்ரிட்ஜ் உள்ள வேறு ஒன்று. முள் எடை 3 கிராம் சொச்சம் வரும், ஏற்றி இறக்க முடியாது. ஆனால் தொழிற்சாலையிலேயே சரியாக வைத்திருப்பார்கள். பட்டனை அழுத்தினால் கை தானே போய் உட்காரும், முடிந்ததும் தானே திரும்பும். முதல் முறை வாங்குகிறவருக்கு இது பெரிய சௌகரியம். முள்ளை மட்டும் இழுத்துக் கழற்றிப் புதிது மாட்டலாம். வாங்கும்போதே ஒரு மாற்று முள்ளும் சேர்த்து வாங்கிவிடுங்கள். வைர முள் 500 மணி நேரம் தாண்டினாலே மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போது போய்க் கேட்டால் 'இம்போர்ட் ஆகணும் சார், ரெண்டு மாசம் ஆகும்' என்பார்கள். பிளேயரை விற்கத் தெரிந்தவர்களுக்கு முள்ளை இருப்பு வைக்கத் தெரியவில்லை. இந்த நாட்டில் இது என் தீராத தலைவலி. தட்டைச் சுற்றுவது பெல்ட்டா, டைரக்ட் டிரைவா (நேராக மோட்டாரேயா) என்று உங்களைக் குழப்புவார்கள். இந்த விலையில் அது ஒரு விஷயமே இல்லை.

வந்ததும் ஆம்பிளிஃபையரின் பின்பக்கத்தைப் பாருங்கள். 'ஃபோனோ' என்று எழுதியிருக்கிறதா, வெறும் 'ஆக்ஸ்' (மற்றக் கருவிகளைச் சொருகும் பொது இடம்) மட்டும்தானா? கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். அதைப் பெருக்க ஒரு தனிச் சுற்று வேண்டும். இந்தப் பிளேயரில் அது உள்ளேயே இருக்கிறது, பின்னால் 'ஃபோனோ / லைன்' என்று ஒரு சுவிட்ச். ஆக்ஸில் சொருகினால் 'லைன்', ஃபோனோவில் சொருகினால் 'ஃபோனோ'. மாற்றி வைத்தால் ஒன்று கொசு முனகல் கேட்கும், இல்லையென்றால் காது கிழியும். 'பிளேயர் அவுட்' என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் சிலருக்கு நான் செய்த ரிப்பேர், இந்தச் சுவிட்சைத் தள்ளிவிட்டதுதான்.

பழையது வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் புரோக்கர் அடுத்து அதைத்தான் கொண்டுவருவார், 'ஜப்பான் மால்' என்று. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் 230-ல் சொருகினால் புகைதான். டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத் தருகிறேன் என்பார். அது வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை சுழற்சி என்பதை, மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பழைய ஏ.சி. மோட்டார் நம் 50-ல் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். இரண்டரைக் கட்டைச் சுருதியில் பாடிய பாட்டு ஒரு கட்டையில் கேட்கும். அமெரிக்கப் பிளேயருக்கும் இதே கதிதான்.

'முள் புதுசு சார்' என்பதையும் நம்பாதீர்கள். பன்னிரண்டு வருடம் முன்னால் இந்தத் தொழிலில் இருந்துகொண்டே நான் ஏமாந்தேன். கடைக்காரர் சொன்னதை நம்பி, ஆசையாக வைத்திருந்த ஒரு வீணை எல்.பி.யை நாலு முறை போட்டேன். மீட்டில் ஏதோ பிசிறு தட்டியது. கடிகாரக்காரர் கண்ணில் வைக்கிற லென்ஸில் முள்ளைப் பார்த்தால், உருண்டையாக இருக்க வேண்டிய நுனியின் இரண்டு பக்கமும் தேய்ந்து உளி மாதிரி இருந்தது. முள்ளை அன்றே மாற்றிவிட்டேன், தட்டு இன்றைக்கும் பிசிறுகிறது.

இனி அந்தப் பதினைந்து கனமான தட்டுகள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் மேலே சொன்ன பிளேயர் இவற்றுக்கு ஆகாது. அதில் 33⅓, 45 இரண்டு வேகம்தான். இவை அநேகமாக 78. லேபிளில் போட்டிருக்கும். போடாவிட்டால் விரல் நகத்தால் விளிம்பை மெல்லத் தட்டுங்கள். பீங்கான் தட்டு மாதிரி 'ணங்' என்றால் அரக்குத் தட்டு. வளைத்துப் பார்க்காதீர்கள், உடைந்துவிடும். அறுபதுகளின் படப் பாட்டாயிற்றே, 78-ஆக இருக்காது என்றும் நினைக்க வேண்டாம். மேல்நாட்டில் கைவிட்ட பிறகும் நம் நாட்டில் அறுபதுகளில் 78 அச்சிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

'மூணு ஸ்பீடு இருக்கு சார், 78-ம் ஓடும்' என்று சூட்கேஸ் வகையை நீட்டுவார்கள். வேகம் சரிதான், முள் சரியில்லை. 78 தடம் அகலமானது. எல்.பி. முள்ளின் நுனியைப் போல மூன்று, நான்கு மடங்கு தடித்த நுனி அதற்கு வேண்டும். எல்.பி. முள்ளைப் போட்டால் தடத்தின் அடியில் உள்ள குப்பையில் உருண்டு, கொதிக்கிற எண்ணெய் மாதிரி சத்தம்தான் அதிகம் கேட்கும். மாறாக, 78 முள்ளை எல்.பி.யில் போட்டால் சின்னத் தடத்துக்குள் அது இறங்காது, தடத்தின் மேல் விளிம்பைச் சிதைத்துவிடும். பழைய எச்.எம்.வி. பிளேயர்களில் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கைப்பிடி இருக்கும்: ஒரு பக்கம் திருப்பினால் எல்.பி., மறுபக்கம் 78. அப்படி இரண்டு முள் இருந்தது வீண் வேலைக்காகவா?

இரண்டையும் ஒரே பிளேயரில் கேட்க வேண்டுமென்றால் ஏ.டி.-எல்.பி.120எக்ஸ் போல மூன்று வேகமும், எடை ஏற்றி இறக்கும் வசதியும் உள்ளதுதான் வழி. அதன் கார்ட்ரிட்ஜுக்கு 78-க்கென்றே தனி முள் விற்கிறது. ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டினால் போதும். 78 முள்ளுக்கு எடை வேறு, மாற்றும் ஒவ்வொரு முறையும் எடையையும் மாற்ற வேண்டும். விலை உங்கள் 20,000-ஐத் தாண்டிவிடும். நூறு எல்.பி.யை இப்போது கேளுங்கள், இந்தப் பதினைந்தும் ஒரு வருடம் காத்திருக்கட்டும். எல்லாத் தட்டையும் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள், பரண் வேண்டாம். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரணில் சித்திரை வெயிலுக்கு எல்.பி. அப்பளமாகிவிடும்.

துடைக்கிற விஷயத்தில் ஒன்றே ஒன்று. அரக்குத் தட்டை ஸ்பிரிட்டாலோ சானிடைசராலோ துடைக்காதீர்கள். தச்சர் பிரெஞ்ச் பாலிஷ் போடுகிறாரே, அது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குதான். அப்பாவின் தட்டும் அப்படியே கரைந்து துணியில் வந்துவிடும். ஈரம் பிழிந்த மெல்லிய துணி போதும், லேபிளில் தண்ணீர் படாமல்.

அந்த 1,000 ரூபாய் முன்பணத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 'வேற பீஸ் காட்டறேன், அதுல கழிச்சுக்கலாம்' என்பார். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.