கேள்வி பதில்: கொரோனா நேரத்துல அமெரிக்க காலேஜ் பசங்களுக்கு வந்த காசு

கொரோனா சமயத்துல அமெரிக்கால காலேஜ் பசங்க கைல கவர்மெண்ட் காசு குடுத்துச்சு, திருப்பியே கட்ட வேணாம்னு என் மச்சினன் அடிச்சு சொல்றான். எஜுகேஷன் லோனைத்தான் மாத்தி சொல்றானோ? (வாசகர், ஈரோடு)

மச்சினன் சொல்றது கரெக்ட்டுங்க. லோன் இல்ல, மானியம். 2020 மார்ச் 27 அன்னிக்கு கையெழுத்தான கேர்ஸ் ஆக்ட்ங்கற கொரோனா நிவாரணச் சட்டத்துல உயர்கல்விக்குன்னு சுமார் 1,400 கோடி டாலர் ஒதுக்குனாங்க, அதுல பெரும்பங்க காலேஜ் காலேஜா பிரிச்சு அனுப்பி, வந்ததுல குறைஞ்சது பாதிய பசங்க கைல குடுத்தே ஆகணும்னு சட்டத்துலயே எழுதிட்டாங்க. அந்த பாதி மட்டும் கிட்டத்தட்ட 628 கோடி டாலர். சாப்பாடு, வாடகை, புக்கு, லேப்டாப்பு, வைத்தியம், குழந்தைய பாத்துக்கற செலவு வரைக்கும் எதுக்கு வேணா வச்சுக்கலாம். காலேஜ் படிக்கறவனுக்கு ஏது குழந்தைன்னு சிரிக்காதீங்க, அங்க கம்யூனிட்டி காலேஜ் (ஃபீஸ் கம்மியான ரெண்டு வருஷ உள்ளூர் காலேஜ்) போனா பக்கத்து சீட்ல ரெண்டு புள்ளைக்கு அம்மா உக்காந்திருப்பாங்க.

ஏன் தேவைப்பட்டுச்சுன்னா, அந்த மார்ச் மாசம் ஒரே வாரத்துல எல்லாம் கவுந்துச்சு. ஹார்வர்டுல 10-ம் தேதி சொல்லிட்டு 15-க்குள்ள ரூமை காலி பண்ணுன்னாங்க, மத்த காலேஜ்லயும் ஏறக்குறைய அதே கதைதான், கேன்டீன் லைப்ரரின்னு பார்ட் டைம் வேலை பாத்தவன் எல்லாம் வீட்டுக்கு. சரி, அதே சட்டத்துல ஆளுக்கு 1,200 டாலர் செக் அனுப்புனாங்களே அது வந்திருக்குமேன்னா, அதான் இல்ல. அப்பா அம்மா டாக்ஸ் ஃபைல் பண்ணும்போது டிபென்டென்ட்டுன்னு (எங்க செலவுல இருக்கறவங்கன்னு) காட்டுன பசங்களுக்கு அந்த 1,200 கிடையாது, சரி பெத்தவங்களுக்காவது பிள்ளைக்குன்னு 500 வருமான்னா அது 17 வயசுக்கு கீழ இருந்தாத்தான். அப்போ 19 வயசுல காலேஜ்ல இருக்கறவன் அங்கயும் இல்ல இங்கயும் இல்ல.

என் அக்கா பையன் அப்போ டெக்சாஸ்ல எம்.எஸ். படிச்சிட்டு இருந்தான். 2020-ல கேட்டப்ப உனக்கு கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. அடுத்த வருஷம் கூப்ட்டு குடுக்கறாங்க. அதே பையன், அதே விசா, அதே காலேஜ். என்ன கணக்கு இது? (வாசகி, திருச்சி)

கணக்கு எல்லாம் ஒண்ணும் இல்லம்மா, அமைச்சர் மாறுனாங்க. 2020-ல காங்கிரஸ் (அமெரிக்க பார்லிமெண்ட்) போட்ட சட்டத்துல மாணவர்களுக்கு குடுன்னுதான் இருந்துச்சு, சிட்டிசனா வெளிநாடான்னு பிரிக்கல. ஏப்ரல் மாசக் கடைசியில, அப்ப கல்வி அமைச்சரா இருந்த பெட்ஸி டிவோஸோட டிபார்ட்மெண்ட் ஒரு விளக்கம் விட்டுச்சு, வழக்கமான ஃபெடரல் (மத்திய அரசு) உதவிக்கு தகுதி உள்ளவங்களுக்கு மட்டும்தான்னு. அவ்ளோதான், எஃப்-1 (படிக்கப் போறவங்களுக்கான) விசால போன நம்ம பசங்க அவுட்டு, சின்ன வயசுல பெத்தவங்களோட பேப்பர் இல்லாம வந்து அங்கயே வளந்த பசங்களும் அவுட்டு. முன்னாடியே முழுக்க ஆன்லைன்ல படிச்சிட்டு இருந்தவங்களுக்கும் இல்லன்னாங்க. இதுல உள்ளூர்க்காரனும் மாட்டுனான், ஃபெடரல் உதவி கேக்க ஃபாஃப்சான்னு ஒரு ஃபார்ம், பணக்கார வீட்டுப் பசங்களும் அத ஃபில் பண்ண மாட்டாங்க, பயந்துகிட்டு ஃபில் பண்ணாத ஏழைப் பசங்களும் இருப்பாங்க, அவங்கள்லாம் தகுதி இருக்குன்னு காட்ட அலைய வேண்டியதாச்சு. கலிஃபோர்னியாவோட கம்யூனிட்டி காலேஜ் நிர்வாகமும் வாஷிங்டன் மாநிலமும் கேஸ் போட்டு ஜூன்ல தற்காலிகத் தடை வாங்குனாங்க, ஆனா தீர்ப்பு கேஸ் போட்ட இடத்தோட நின்னுருச்சு, டெக்சாஸ்ல இருக்கறவனுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல.

அப்புறம் 2020 டிசம்பர்ல ரெண்டாவது சுத்து பணம் (ஆன்லைன் பசங்கள அப்ப சேத்துட்டாங்க), 2021 மார்ச்ல மூணாவது சுத்து, இது மட்டும் கிட்டத்தட்ட 4,000 கோடி டாலர். மே மாசம் புது அமைச்சர் மிகேல் கார்டோனா வந்து விதிய மாத்தி எழுதி, 2020 மார்ச் 13-க்கு அப்புறம் காலேஜ்ல பேரு இருந்த யாருக்கு வேணா குடுக்கலாம், விசா கிசா பாக்க வேணாம்னுட்டாரு. உங்க அக்கா பையன் உள்ள வந்தது இந்த வழியாத்தான். ரொம்ப கஷ்டப்படறவங்களுக்கு முதல்ல குடுங்கன்னு மட்டும் கண்டிஷன்.

எனக்கு இதுல கோவம் வர்ற இடம் ஒண்ணுதான். 2020 மார்ச்-ஏப்ரல்ல உண்மையிலயே மாட்டிக்கிட்டது யாரு? கேம்பஸ்ல வாரம் 20 மணி நேரம் வேலை பாக்கலாம்னுதான் விசா ரூல், அந்த கேம்பஸே பூட்டிக் கிடக்கு, வெளிய பெட்ரோல் பங்க்குல போய் நின்னா விசாவுக்கே ஆபத்து, ஊருக்கு வந்துரலாம்னா மார்ச் 22-ம் தேதியோட இந்தியா சர்வதேச ஃப்ளைட்ட நிறுத்திருச்சு, மே மாசம் வந்தே பாரத் ஃப்ளைட் விடற வரைக்கும் வழியே இல்ல. நாலு பேரு ஒரு அபார்ட்மெண்ட்ல அரிசியும் பருப்பும் பங்கு போட்டுக்கிட்டு கிடந்த பசங்க. அவங்களுக்கு அந்த ரெண்டு மாசம் 500 டாலர் வந்திருந்தா அது வேற 500 டாலர். சில காலேஜ்ல பழைய மாணவர்கள்கிட்ட டொனேஷன் வாங்கி சொந்த ஃபண்டுல குடுத்தாங்க, அது இல்லாத காலேஜ்ல இருந்தவன் வீட்டுக்கு ஃபோன் போட்டு அப்பாகிட்ட கேட்டான், ரூபாய்ல.

ஹார்வர்டுக்கும் இந்த பணம் போச்சாமே? உள்ளவனுக்கே மேல மேல குடுக்கறதா? (வாசகர், மதுரை)

போச்சுன்னு சொல்ல முடியாது, ஒதுக்குனாங்க. சுமார் 86 லட்சம் டாலர். ஹார்வர்டோட அறக்கட்டளை சொத்து அப்பவே 4,000 கோடி டாலருக்கு மேல, அதாவது மூணாவது சுத்துல மொத்த நாட்டுக் காலேஜுக்கும் ஒதுக்குன அளவுக்கு ஒரே காலேஜ்கிட்ட இருக்கு. டிரம்ப் மேடையில நின்னு பணத்தை திருப்பிக் குடுன்னாரு, ஹார்வர்டுகாரங்க, இன்னும் வாங்கவே இல்லங்க, வந்தாலும் மொத்தமும் பசங்களுக்குத்தான்னு மொதல்ல சொன்னாங்க, அடுத்த நாளே வேணாம்னு ஒதுங்கிட்டாங்க. ஸ்டான்ஃபோர்டு, பிரின்ஸ்டனும் வேணாம்னுட்டாங்க.

ஆனா ஹார்வர்டு பேரை வச்சு சண்டை போட்டதுல நெஜ ஓட்டை யார் கண்ணுலயும் படல. பணத்தை பிரிச்ச ஃபார்முலாவ பாருங்க. 75 சதவீதம், பெல் கிராண்ட் வாங்கற (அதாவது வசதி கம்மியான) பசங்க எத்தனை பேர்ங்கறத வச்சு, மீதி மத்தவங்கள வச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தலைய எண்ணல, முழுநேர கணக்குல எண்ணுனாங்க, பாதி நேரம் படிக்கற ரெண்டு பேரு சேந்தாத்தான் ஒரு ஆளு. பகல்ல கடையில வேலை, சாயங்காலம் கிளாஸ்னு ஓடறவங்க நெறஞ்ச கம்யூனிட்டி காலேஜுக்கு இதுல செம அடி, ஏன்னா பாதி ஆளுன்னு வீட்டு ஓனர் பாதி வாடகையா வாங்கறான்? ரெண்டாவது சுத்துல தலைக்கணக்கையும் சேத்து ஓரளவு சரி பண்ணாங்க. இன்னொரு கூத்து, மொத சுத்துல 5 லட்சம் டாலருக்கு கம்மியா கிடைச்ச குட்டி காலேஜுக்கு எல்லாம் 5 லட்சம் வர்ற வரைக்கும் ரொப்பி விட தனியா ஒரு பங்கு வச்சிருந்தாங்க, அதனால விரல்விட்டு எண்ற அளவு பசங்க படிக்கற காலேஜுக்கு கூட லட்சக்கணக்குல யோகம்.

என் பொண்ணு அப்போ படிச்ச காலேஜ்ல இந்த மானியத்தை அவ ஃபீஸ் பாக்கியில கழிச்சுக்கட்டுமான்னு ஒரு ஃபார்ம் அனுப்புனாங்க. அவசரத்துல யெஸ் குடுத்துட்டா. அப்படி கேக்கலாமா? (வாசகி, நியூ ஜெர்சி)

கேக்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. மொத சுத்துல பசங்க பங்கை காலேஜ் தனக்குன்னு தொடவே கூடாது. ரெண்டாவது மூணாவது சுத்துல, மாணவி எழுத்துல (ஆன்லைன்ல டிக் பண்ணாலும் சரி) சம்மதம் குடுத்தா மட்டும் பாக்கியில வரவு வைக்கலாம், சம்மதம் குடுத்தாத்தான் மானியம்னு கண்டிஷன் போட முடியாது. உங்க பொண்ணு நோ குடுத்திருந்தா முழுசா பேங்க்குக்கு வந்திருக்கும். பாக்கி இருந்தா அடுத்த செமஸ்டர் ரிஜிஸ்டர் பண்ண விடாத காலேஜும் உண்டு, அந்த பயத்துல யெஸ் சொன்ன பசங்க நெறைய பேர் இருப்பாங்க, அதுக்காக அவள திட்டாதீங்க. காலேஜுக்கு மனசு இருந்தா தன் பங்குல இருந்தே பசங்களோட பாக்கிய தள்ளுபடி பண்ணலாம், நியூயார்க்ல சிட்டி யுனிவர்சிட்டி 2021-ல அப்படித்தான் 12.5 கோடி டாலர் வரைக்கும் தள்ளுபடின்னு அறிவிச்சாங்க.

இதுக்கு டாக்ஸ் உண்டா? (வாசகர், சேலம்)

கிடையாது. பேரிடர் உதவிங்கறதால வருமானத்துல சேராதுன்னு ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வருமான வரித்துறை) சொல்லிருச்சு.

சில காலேஜ்ல கேக்காமலே அக்கவுண்ட்ல போட்டாங்க, சில காலேஜ்ல ஏன் கஷ்டம்னு பக்கம் பக்கமா எழுதச் சொன்னாங்களாமே. எது நியாயம்? (வாசகர், கோவை)

எப்படி பிரிக்கணும்ங்கறத காலேஜ் கிட்டயே விட்டுட்டாங்க, அதனால வந்த வினை. யாருக்கு எவ்ளோ தேவைன்னு விசாரிச்சு குடுக்கறதுதான் நியாயம்னு தோணும், பேப்பர்ல அது அழகாவும் இருக்கும், ஆனா நெட்டு இல்லாம கார் பார்க்கிங்ல வைஃபை புடிச்சு கிளாஸ் கேக்கற பொண்ணுக்கு ஆன்லைன் ஃபார்ம குடுத்து கட்டுரை எழுதுன்னா அவ எப்ப எழுதுவா? நல்லா எழுதத் தெரிஞ்சவனுக்கும் மெயில ஒழுங்கா பாக்கறவனுக்கும்தான் அது போய் சேரும். என் ஓட்டு கேக்காம போட்ட காலேஜுக்குத்தான். பெல் கிராண்ட் லிஸ்ட் கையில இருக்கு, யார் வசதி கம்மின்னு ஏற்கனவே தெரியும், போட வேண்டியதுதானே. லிஸ்ட்ல இல்லாம திடீர்னு அப்பாவுக்கு வேலை போனவனுக்காக கொஞ்சம் தனியா எடுத்து வச்சு, அதுக்கு மட்டும் ரெண்டு வரி ஃபார்ம் போதும்.

என் பொண்ணு இந்த வருஷம் எம்.எஸ். போறா. இந்த ஸ்கீம் இன்னும் இருக்கா? (வாசகர், சென்னை)

இல்ல சார், 2023 ஜூனோட பெரும்பாலும் செலவு பண்ணி முடிச்சு மூடிட்டாங்க. இப்ப இருக்கறது அந்தந்த காலேஜோட சொந்த எமர்ஜென்சி ஃபண்டுதான், தொகை கம்மி, ஆனா பல எடத்துல எஃப்-1 பசங்களுக்கும் உண்டு. ஒரு கல்வி வருஷம் முடிச்சதுக்கு அப்புறம் எதிர்பாராத பணக் கஷ்டம் வந்தா வெளிய வேலை பாக்க அனுமதி கேட்டு இமிக்ரேஷனுக்கு அப்ளை பண்ற வழியும் இருக்கு, கைல பேப்பர் வர மாசக்கணக்குல ஆகும், அதனால அத நம்பி உக்காராம மூணு மாச செலவு கைல வச்சு அனுப்புங்க. எமர்ஜென்சி ஃபண்டு ஃபார்ம் எங்க இருக்குன்னு இப்பவே தேடி வச்சுக்கச் சொல்லுங்க, பல காலேஜ்ல அது டீன் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் ஆபீஸ் பேஜ்ல கிடக்கும், ஃபைனான்ஷியல் எய்டு பேஜ்ல தேடிட்டு இல்லன்னு விட்றப் போறா.