சின்னப் பெட்டிக்குச் சத்தமில்லாத பவர் சப்ளை: கேள்வி–பதில்

கேள்வி: ரைசன் 5 7600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு போட்டுக் குட்டி கம்ப்யூட்டர் ஒன்று கட்டப்போகிறேன். 750 வாட் பவர் சப்ளை இல்லாமல் ஆகாது என்கிறார்கள். அவ்வளவு வேண்டுமா?

பதில்: கூட்டிப் பாருங்கள். 7600 பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தாலும், முழு வேகத்தில் அது 88 வாட் வரை எடுத்துக்கொள்ளும். 4060 கார்டுக்கு 115 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாவற்றுக்கும் 45 என்று வையுங்கள். மொத்தம் 250-க்குள் முடிந்துவிட்டது. பிராசஸரும் கார்டும் ஒரே நேரத்தில் உச்சத்தில் ஓடினால்தான் அதுவும். நல்ல 450 வாட் போதும், 550 தாராளம்.

பிராசஸர் பெட்டியில் இருக்கும் வாட் எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். இன்டெல் கோர் ஐ7-13700-க்கும் அதே 65 வாட்தான் போட்டிருக்கும். டர்போவில், அதாவது உச்ச வேகத்துக்குத் தாவும்போது, அது 219 வாட் வரை போகும். அதே கணக்கில் அதைப் போட்டால் 450 வாட்டில் மிச்சம் இருக்கும் இடம் சுருங்கிவிடும்.

750 வாங்கினால் கரன்ட் பில் எகிறுமா என்றும் பலர் கேட்கிறார்கள். எகிறாது, கம்ப்யூட்டர் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். ஆனால் சும்மா திறந்து வைத்திருக்கும் நேரத்தில் 40 வாட் ஓடுகிறது என்றால், 750-க்கு அது 5 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். அவ்வளவு குறைந்த லோடில் பல பவர் சப்ளைகள் கொஞ்சம் வீணடிக்கும். எவ்வளவு குறைவாக வீணடிக்கிறது என்று பார்த்து கோல்டு, பிளாட்டினம், டைட்டானியம் என்று தரம் கொடுக்கும் 80 பிளஸ் சோதனையோ 20 சதவீத லோடிலிருந்துதான் தொடங்குகிறது (டைட்டானியத்துக்கு 10). அதனால் கோல்டு ஸ்டிக்கரை வைத்து இந்த இழப்பைக் கண்டுபிடிக்க முடியாது.

300 வாட்டுக்கு மேல் இழுக்கும் கார்டு என்றால் கதை வேறு. கண் இமைப்பதற்கும் குறைவான நேரத்துக்கு அவை இரண்டு மடங்குகூடக் கேட்கும். அப்போது பாதுகாப்பு சர்க்யூட் தட்டி, விளையாட்டின் நடுவே மெஷின் அணைந்துவிடும். 450 வாட்டுக்கு மேற்பட்ட பவர் சப்ளை 100 மைக்ரோ செகண்டுக்கு இரட்டிப்பு லோடைத் தாங்க வேண்டும் என்று ஏடிஎக்ஸ் 3.0 என்ற பவர் சப்ளை விதிமுறை வகுத்திருக்கிறது. அந்த ரகக் கார்டு வைத்திருப்பவர்கள் ஏடிஎக்ஸ் 3.0 என்று போட்டதாகவே எடுங்கள். 4060-க்கு இந்தக் கவலை வேண்டாம்.

கேள்வி: சின்னப் பெட்டிக்கான பவர் சப்ளை அளவுகளான எஸ்எஃப்எக்ஸ், எஸ்எஃப்எக்ஸ்-எல் இரண்டில் எது சத்தம் குறைவு?

பதில்: பெரும்பாலும் எஸ்எஃப்எக்ஸ்-எல். இரண்டுக்கும் அகலம் 125, உயரம் 63.5 மி.மீ.; நீளம்தான் 100-க்குப் பதில் 130. அந்த 30 மி.மீ.யில் 120 மி.மீ. ஃபேன் உட்கார்ந்துவிடுகிறது. எஸ்எஃப்எக்ஸில் 80 அல்லது 92 மி.மீ. ஃபேன்தான் பிடிக்கும். அதே காற்றைத் தள்ளச் சின்ன ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டும், சத்தமும் அதோடு வரும்.

அந்த 30 மி.மீ. எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கேபிள் செருகும் பக்கத்திலிருந்துதான். கனெக்டருக்கும் கேபிள் வளைவதற்கும் இன்னொரு 25–30 மி.மீ. வேண்டும். கேபினெட் விவரத்தில் ‘130 மி.மீ. வரை’ என்றிருந்தால், கேபிளுக்கான இடம் அதில் சேர்த்தியா இல்லையா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கேபிளை அழுத்தி மடக்கி மூடியைத் திருகினால், மதர்போர்டில் செருகும் 24-பின் கனெக்டர் ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். என்றாவது ஒரு நாள் மெஷின் ஆன் ஆகாது.

வழக்கமான பெரிய அளவு பவர் சப்ளையான முழு ஏடிஎக்ஸ் பிடிக்கும் கேபினெட் என்றால் யோசிக்காமல் ஏடிஎக்ஸே போடுங்கள்: விலை குறைவு, ஃபேனும் பெரியது. ஃபிளெக்ஸ் ஏடிஎக்ஸ் என்ற ஒல்லி ரகத்தின் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதன் 40 மி.மீ. ஃபேன் லோடு ஏறினால் கொசு மாதிரி ரீங்காரம் போடும்.

எஸ்எஃப்எக்ஸைப் பிராக்கெட் வைத்துப் பெரிய கேபினெட்டில் மாட்டுகிறவர்கள் கேபிள் நீளத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பிராசஸருக்குப் போகும் 8-பின் கேபிள் போர்டின் பின்பக்கமாகச் சுற்றி, மேல் மூலையில் இறங்க வேண்டும். அந்த வழியில் ஒரு நூலை ஓட்டி அளந்து, அதோடு 3 செ.மீ. கூட்டிக்கொண்டு கேபிள் நீளத்தை ஒப்பிடுங்கள்.

கேள்வி: கோல்டுக்குப் பதில் பிளாட்டினம் வாங்கினால் சத்தம் குறையுமா?

பதில்: அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். 115 வோல்ட் சோதனையில் பாதி லோடில் கோல்டுக்கு 90 சதவீதம், பிளாட்டினத்துக்கு 92. கம்ப்யூட்டர் 200 வாட் எடுக்கும்போது கோல்டு சுமார் 22 வாட்டைச் சூடாக விடும், பிளாட்டினம் 17. ஐந்து வாட் வித்தியாசம் ஃபேனுக்குப் பெரிய விஷயமில்லை. எந்த லோடில் எவ்வளவு வேகம் என்று தயாரிப்பாளர் வைத்திருக்கும் கணக்குதான் காதில் விழுகிறது. 80 பிளஸ் சத்தத்தை அளப்பதே இல்லை. சைபெனட்டிக்ஸ் என்ற சோதனை நிறுவனம் அளக்கிறது, அவர்கள் பட்டியலில் ‘ஏ+’ என்றால் சராசரி 15 முதல் 20 டெசிபலுக்குள். இரவில் அமைதியான அறையில்கூட அது தொந்தரவு செய்யாது.

கேள்வி: ‘ஜீரோ ஆர்பிஎம்’ (லோடு குறைவாக இருந்தால் ஃபேன் நின்றுவிடும் வசதி) உள்ள பவர் சப்ளை வாங்கினேன். விளையாடும்போது ஃபேன் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. பழுதா?

பதில்: பழுது இல்லை. உங்கள் லோடு ஃபேன் கிளம்பும் எல்லையிலேயே ஊசலாடுகிறது. சூடு ஏறினதும் ஃபேன் கிளம்புகிறது, ஒரு நிமிடத்தில் ஆறிவிடுகிறது, நிற்கிறது. ஒரே சீராக ஓடும் மெல்லிய சத்தம் சில நிமிடத்தில் காதுக்குப் பழகிவிடும். நின்று நின்று கிளம்புவது ஒருபோதும் பழகாது. நல்ல தயாரிப்பில் கிளம்பும் சூட்டுக்கும் நிற்கும் சூட்டுக்கும் போதிய இடைவெளி விட்டிருப்பார்கள்.

முதலில் பவர் சப்ளையின் பின்பக்கத்தில் ஃபேன் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஜீரோ முறையை அணைத்துவிடுங்கள். ஃபேன் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும், எரிச்சல் தீர்ந்தது. பட்டன் இல்லையென்றால் ஃபேன் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கவனியுங்கள். கிராபிக்ஸ் கார்டை நோக்கி இருந்தால் அதன் சூடான காற்றைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறது. ஓட்டை போட்ட வெளிப் பலகையை நோக்கித் திருப்பி மாட்டினால், அதே லோடில் ஃபேன் கிளம்பாமலேகூட இருக்கலாம். பலகையில் ஓட்டையே இல்லாத பக்கம் திருப்பிவிடாதீர்கள். மூச்சு முட்டி உள்ளே கெப்பாசிட்டர்கள் வெந்துவிடும்.

இன்னொன்று: மெஷின் ஆன் ஆகாதபோது இந்த ரகத்தை 24-பின்னில் கம்பி வைத்துச் சோதித்து, ஃபேன் சுற்றவில்லை என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். லோடு இல்லாதபோது சுற்றாமல் இருப்பதுதான் அதன் இயல்பு. மல்டிமீட்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே 11.4-லிருந்து 12.6 வோல்ட் வரை வருகிறதா என்று பாருங்கள். வயர் எல்லாமே கறுப்பாக இருந்தால், நிறத்தை விட்டுவிட்டு பின் எண்ணைப் பார்த்து அளக்க வேண்டும்: 10-ஆவது பின் 12 வோல்ட், 3-ஆவது கிரவுண்ட்.

கேள்வி: ஃபேன் நின்றிருக்கும்போதும் ‘கீச்’ என்று ஒரு சத்தம். பவர் சப்ளையை மாற்றினால் போய்விடுமா?

பதில்: அது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (coil) அதிர்கிற சத்தம். ஆபத்து இல்லை, எரிச்சல்தான். பாதி நேரம் குற்றவாளி கிராபிக்ஸ் கார்டாகவே இருக்கும், அதனால் மாற்றுவதற்கு முன் காதால் தேடுங்கள். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்டின் அருகிலும் பவர் சப்ளையின் அருகிலும் கொண்டுபோங்கள். விளையாட்டின் மெனுவில் மட்டும் கத்துகிறது என்றால் கார்டுதான். மெனுவில் வினாடிக்குப் பல நூறு ஃபிரேம் ஓடும். அதை 60-க்குக் கட்டுப்படுத்தினால் பெரும்பாலும் அடங்கும்.

கேள்வி: பழைய பவர் சப்ளையின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிள்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. புதிய பவர் சப்ளையில் செருகலாமா?

பதில்: கூடவே கூடாது, ஒரே கம்பெனியாக இருந்தாலும். போர்டுப் பக்கக் கனெக்டருக்கு விதி உண்டு; பவர் சப்ளைப் பக்கத்துக்குக் கிடையாது. செருகினால் அழகாக உட்காரும், 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வரும், ஹார்டு டிஸ்க் போய்விடும்.

கேள்வி: கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஃபேனே இல்லாமல் லேப்டாப் மாதிரி அடாப்டரில் ஓட்ட முடியுமா?

பதில்: முடியும். 24-பின் சாக்கெட்டில் நேராகச் செருகும் குட்டி டிசி போர்டு, வெளியே ஒரு அடாப்டர், அவ்வளவுதான். ரைசன் 5 5600ஜி போன்றதைப் பயாஸில் 45 வாட்டுக்குக் கட்டினால் 120 வாட் அடாப்டர் தாங்கும்.

இங்கே தவறு நடப்பது அடாப்டரில். 12 வோல்ட் ரகப் போர்டு அந்த 12-ஐ மாற்றாமல் அப்படியே மதர்போர்டுக்கு அனுப்பிவிடும், 5, 3.3 வோல்ட்களைத்தான் அது உருவாக்குகிறது. அடாப்டர் லோடில் 11.4-க்குக் கீழே இறங்கினால் மெஷின் காரணமே தெரியாமல் ரீஸ்டார்ட் ஆகும். வீட்டில் கிடக்கும் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரை இதில் செருகினால் போர்டோடு சேர்ந்து எல்லாம் போய்விடும். 19 வோல்ட்டுக்கென்று தனிப் போர்டு இருக்கிறது, வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். 120 வாட் என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். ஒரு மணி நேரம் ஓடியபின் அடாப்டர் பின்னைத் தொட்டுப் பாருங்கள்; விரல் வைக்க முடியாத அளவு சுட்டால் அந்த ஜாக்கை மாற்றுங்கள்.